குண்டடம் பக்கம் ஓட்டு வீட்டைப் பிரித்துத் தகரம் போட வேண்டும்: எந்த சீட், காற்றுக்கு நிற்குமா?

குண்டடம் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. நாங்கள் இருப்பது திருப்பூரில், வேலை பனியன் கம்பெனியில். அத்தை மட்டும் குண்டடம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார். வீட்டுக்காரருடைய அப்பாரு, அதாவது தாத்தா காலத்து வீடு. மண் சுவர், ஒன்றரை அடி கனம். மேலே பனஞ்சட்டம், சீமை ஓடு. கிழக்கு மேற்காக 36 அடி, தெற்கு வடக்காக 20 அடி. வடக்குப் பார்த்த வாசல், முகடு கிழக்கு மேற்காக ஓடுகிறது. மேற்குச் சுவரை ஒட்டி மாட்டுக்குக் கட்டுத்தாரை, அதற்குத் தென்னங்கீற்று.

சட்டத்தில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. ஓடு உட்காருகிற ரீப்பரைத் தொட்டால் மாவாக உதிர்கிறது. போதாததற்கு மயில்கள். பொழுது விடிந்தால் கூரைமேல்தான் நிற்கும், ஒன்று இறங்கினால் இரண்டு ஓடு நகரும். ஐப்பசி மழைக்குக் கிழக்கு அறையில் அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்தோம். ஓடு மாற்ற வந்துகொண்டிருந்தவருக்கு வயதாகிவிட்டது, இனி ஏணி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அதனால் தகரம் போட்டுவிடலாம் என்று முடிவு. இரண்டு பேரிடம் கேட்டோம். ஒருவர் 0.45 எம்.எம். கலர் சீட் போதும், பழைய சட்டத்துக்கு மேலேயே பாக்ஸ் பைப்பைக் கட்டி அதில் சீட்டை அடித்துவிடலாம், சுவரைத் தொடவே வேண்டியதில்லை என்கிறார். இன்னொருவர் நடுவில் நுரை வைத்த பஃப் பேனல்தான் சரி என்று இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறார். அத்தைக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "தகரத்துக்குக் கீழ படுத்தா சித்திரையில வெந்துருவேன், மழை பேஞ்சா டிவி கேக்காது" என்பது அவர் கட்சி.

காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வாசலில் நின்றால் நான்கு பக்கமும் காற்றாலைதான். போன ஆடியில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூம் சீட் பறந்துபோய்க் கொரங்காட்டு வேலியில் கிடந்தது.

எந்த சீட், எவ்வளவு கனம்? வெக்கைக்கு என்ன செய்வது? அந்தக் காற்றுக்கு நிற்குமா? கழற்றுகிற ஓட்டை என்ன செய்வது? ஆனி பிறப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜவாய்க்கால்:

போடுகிற காசைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கான்கிரீட் தளமே போட்டுவிடுங்களேன். தகரமெல்லாம் கோழிப்பண்ணைக்குத்தான் சரி.

குண்டடம் மருமகள்:

மண் சுவருங்க அண்ணா. அதன்மேல் கான்கிரீட் தளம் போட முடியாது என்று கொத்தனார் வந்து பார்த்துச் சொல்லிவிட்டார். தூண் எழுப்பிப் போடுவதென்றால் புது வீடு கட்டுகிற செலவு. அத்தை அந்தச் சுவரை இடிக்கவும் விட மாட்டார்.

பல்லடம் பட்டறை:

அம்மிணி, உங்களுக்கு முதலில் விலை சொன்ன ஆள் பழைய சட்டத்தின் மேலேயே பைப் கட்டலாம் என்றாரே, அதை மட்டும் செய்யாதீர்கள். எந்தக் கம்பெனி, என்ன கலர் என்பதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். சீமை ஓடு ஒன்று இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கும். ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு பிடிக்கும். சட்டம், ரீப்பர் சேர்த்தால் நாற்பது, ஐம்பது கிலோ. அதே இடத்துக்கு 0.5 எம்.எம். சீட் நாலரைக் கிலோதான். சுவருக்குப் பாரம் குறைந்தது என்று எல்லோரும் சந்தோசப்படுவார்கள். காற்றும் சந்தோசப்படும். உங்கள் கூரையை இத்தனை வருசம் ஆடிக் காற்றில் பிடித்து வைத்திருந்தது அந்தக் கனம்தான். இன்னொன்று, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் சந்து உண்டு, வீட்டுக்குள் புகுந்த காற்று அதன் வழியாக வெளியே போய்விடும். தகரத்தில் சந்தே கிடையாது. வாசல் வழியாகப் புகுந்த காற்று கீழிருந்து தள்ளும், மேலே ஓடுகிற காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும்.

கட்டடத்துக்குக் காற்றுக் கணக்குப் போட ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் என்று ஓர் இந்தியத் தர விதி உண்டு. அதில் கோயம்புத்தூருக்குக் கொடுத்திருக்கிற வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 90 கிலோ அழுத்தம் வரும். உங்கள் கூரை தாவாரத்தோடு சேர்த்து எண்பது, தொண்ணூறு சதுர மீட்டர் இருக்கும். ஓரங்களில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இழுக்கும். மொத்தமாக ஐந்தாறு டன் மேல்நோக்கி இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் தினமும் அப்படி அடிக்காதுதான். நான் அதிகம் பயப்படுவது சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வருகிற சூறைக்கு. சத்தியமங்கலம், கோபிப் பக்கம் வாழை சாய்வதெல்லாம் அந்தக் காற்றில்தானே. கால் மணி நேரம் அடித்தாலே போதும்.

அப்போது உங்கள் கூரையைக் கீழே பிடித்து நிறுத்துவது எது? கரையான் தின்ற சட்டமா? மண் சுவரில் அடித்த போல்ட்டும் நிற்காது, பல் பிடுங்குவதுபோல வந்துவிடும். நான் செய்வதாக இருந்தால் கூரையைச் சுவரிலேயே உட்கார வைக்க மாட்டேன். வடக்கே ஐந்து, தெற்கே ஐந்து என்று ஒன்பது அடிக்கு ஒரு நாலு அங்குல பைப் தூண், சுவருக்கு வெளியே ஒட்டினாற்போல நிறுத்துவேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டுக்கு இரண்டு அடி, மூன்றடி ஆழத்தில் குழி எடுத்துக் கான்கிரீட். ஒரு குழிக் கான்கிரீட் 800 கிலோ வரும், பத்துக் குழிக்கு எட்டு டன். மேலே சொன்ன ஐந்தாறு டன்னுக்கு இது பதில். எதிர் எதிர்த் தூண்களை இணைத்து ஐந்து ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்குகிற முக்கோணச் சட்டம். அவற்றின் குறுக்கே சீட்டைத் தாங்குகிற பர்லின். தூணிலிருந்து ட்ரஸ், ட்ரஸ்ஸிலிருந்து பர்லின், பர்லினிலிருந்து சீட் என்று ஒவ்வொரு இணைப்பும் மேலே இழுத்தால் வராத மாதிரி இருக்க வேண்டும். பர்லினுக்கு ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். கிளீட் என்கிற இணைப்புத் துண்டு வைத்து முழுதாகப் பற்ற வைக்கச் சொல்லுங்கள், முடிந்ததும் அந்த இடத்துக்கு ரெட் ஆக்ஸைடு அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் மண் சுவர் பாட்டுக்கு நிற்கும். அதன் பாரமெல்லாம் போய்விட்டதால் இன்னும் நெடுநாள் நிற்கும்.

பர்லின் நாலடிக்கு ஒன்று. தாவார ஓரத்திலும் முகட்டுப் பக்கத்திலும் முதல் இடைவெளி மூன்றடி. தாவாரத்தை ஒன்றரை அடிக்குமேல் நீட்டாதீர்கள். நிழல் வேண்டும் என்று மூன்றடி நீட்டுவார்கள், காற்று பிடித்துத் தூக்குவது அங்கேதான். சரிவைப் பழைய ஓட்டுக் கூரை அளவுக்கு வைக்க வேண்டியதில்லை. ஓட்டுக்குச் சரிவு அதிகம் வேண்டும், சீட்டுக்கு 15 டிகிரி தாராளம். அந்தச் சரிவுக்கு முகட்டிலிருந்து தாவாரம் வரை 12 அடி சீட் ஒரே துண்டாக வந்துவிடும், நடுவில் ஒட்டே இல்லை.

இனி சீட். கலர் சீட் என்பது கால்வால்யூம் மேல் பெயிண்ட் அடித்ததாக இருக்கட்டும். இரும்புத் தகட்டின் மேல் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம் கலந்து பூசியது. வெறும் துத்தநாகம் மட்டும் பூசிய ஜி.ஐ. சீட்டைவிட நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் கூடுதல் காலம் வரும். பூச்சு ஏ.இசட். 150 தானா என்று கேளுங்கள். சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் என்று அர்த்தம். விலை குறைத்துத் தருகிற சீட்டில் இதைத்தான் குறைப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. கனம் 0.5 எம்.எம். எடுங்கள். அதிலும் ஒரு வம்பு உண்டு. சிலர் பூச்சு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 0.5 என்பார்கள், சிலர் உள்ளே இருக்கிற இரும்பு மட்டும் 0.5 என்பார்கள். பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத்தை நம்பாவிட்டால் தராசை நம்பலாம். எல்லாம் சேர்த்து 0.5 உள்ள 12 அடி சீட் ஒன்று பதினாறரைக் கிலோ அளவுக்கு நிற்கும். 0.45 என்றால் பதினைந்துக்குப் பக்கம். பதின்மூன்று காட்டினால் அது 0.40, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மாட்டுகிற முறை. நம்ம ஊருக்கு மேற்கே இருந்து அடிக்கிற மேகாத்துதான் எதிரி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. ஆகவே கிழக்கு ஓரத்திலிருந்து தொடங்கி மேற்கு நோக்கிப் போட வேண்டும். அப்போது ஒவ்வொரு புது சீட்டும் பழைய சீட்டின்மேல் ஏறி உட்காரும், மேலே இருக்கிற விளிம்பு கிழக்கே பார்த்திருக்கும், காற்று அதன் முதுகில் ஏறிப் போய்விடும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு ஒட்டும் மேற்கே வாயைத் திறந்துகொண்டு இருக்கும். மழைத் தண்ணீரும் உள்ளே வரும். வேலைக்காரர்கள் ஏணி எங்கே சாய்த்திருக்கிறதோ அங்கிருந்து தொடங்கிவிடுவார்கள், காலையிலேயே நீங்கள் யாராவது நின்று சொல்ல வேண்டும்.

ஸ்குரூ மேட்டின் மேல்தான் இறங்க வேண்டும், பள்ளத்தில் வேண்டாம், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். ரப்பர் வாசர் உள்ள செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூ, வாசர் இ.பி.டி.எம். ஆக இருக்கட்டும். சாதா ரப்பர் நாலைந்து வெயிலில் வெடித்துவிடும். வாசர் லேசாகப் பிதுங்குகிற வரை முடுக்கினால் போதும். மேடு அமுங்கும்படி முடுக்கினால் அந்தக் குழியில் தண்ணீர் நின்று ஒழுகும். முகட்டு வரிசையிலும் தாவார வரிசையிலும் எல்லா மேட்டுக்கும் ஸ்குரூ, நடு பர்லின்களில் ஒன்று விட்டு ஒன்று. மேற்கு, கிழக்கு ஓரங்களில் சீட்டின் விளிம்பு வெளியே தெரியக் கூடாது, பிளாஷிங் தகடு மடித்து முக்கோணச் சுவரோடு மூடிவிட வேண்டும். அங்கே விட்ட ஒரு விரல் சந்தில்தான் உரிக்க ஆரம்பிக்கும்.

கிரைண்டரில் சீட் வெட்ட விடாதீர்கள். தீப்பொறி பட்ட இடமெல்லாம் பெயிண்டும் பூச்சும் வெந்துபோகும், ஒரு மழைக்குப் பிறகு கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி துருக்கோடு விழும். அளவு சொல்லியே வெட்டி வாங்கலாம். ஓரத்தில் கொஞ்சம் வெட்ட வேண்டி வந்தால் தகடு வெட்டும் கத்தரி போதும். ஸ்குரூ இறக்கும்போது விழுகிற இரும்புச் சீவலையும் சாயங்காலம் சீமாறு போட்டுக் கூட்டிவிட வேண்டும். அன்று போட்ட சீட்டை அன்றே முழுதாக முடுக்கிவிடுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு ஸ்குரூவோடு விடக் கூடாது. அடுக்கி வைத்த சீட்டைக் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

கடைசியாகக் கட்டுத்தாரை. அங்கே இந்த சீட் வேண்டாம். சாணி, மூத்திரம் இவற்றிலிருந்து கிளம்புகிற அமோனியா அலுமினியம் கலந்த பூச்சைத் தின்றுவிடும். நாலு பேர் தகரம் கோழிப்பண்ணைக்குத்தான் என்பார்கள், கால்வால்யூமுக்கு ஆகாத இடமே அதுதான். நீங்கள் கழற்றுகிற சீமை ஓட்டில் நல்லதாகப் பொறுக்கிக் கட்டுத்தாரைக்குப் போட்டுவிடுங்கள். கீற்றுச் செலவும் மிச்சம், ஓட்டை என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் ஆயிற்று.

கவுந்தப்பாடி டீச்சர்:

பட்டறை அண்ணன் காற்றைச் சொல்லிவிட்டார், நான் வெக்கையைச் சொல்கிறேன். மாடியில் சீட் போட்ட அறையில்தான் நாங்கள் தூங்குகிறோம்.

அத்தையின் பயம் நியாயம்தான். வெறும் தகரத்தின் கீழ் மதியம் உட்கார முடியாது. ஆனால் ஒரு விசயம், தகரம் பொழுது இறங்கியதும் ஆறிவிடும். எங்கள் கீழ்த்தளம் கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கும் சுவரிலிருந்து சூடு வரும். ஆகவே தகரத்தோடு சண்டை பகலில் மட்டும்தான்.

கலரை வெளிர் நிறமாக எடுங்கள், வெள்ளையாக இருந்தால் நல்லது. செங்கல் கலரும் கரும்பச்சையும் பார்க்க ஓட்டு வீடு மாதிரி அழகாக இருக்கும், வெயிலை அப்படியே குடிக்கும். இதை யாரும் கேட்பதில்லை, எல்லா வீட்டுக்கும் செங்கல் கலர்தான்.

சீட்டுக்குக் கீழே வெள்ளி நிற ஃபாயில் வரும். அதை சீட்டோடு ஒட்டி நசுக்கிப் போடுகிறார்கள், அப்படிப் போட்டால் பாதிப் பயன் போய்விடும். ஃபாயிலுக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். பளபளப்பான பக்கம் கீழே பார்க்கட்டும், மேலே பார்த்தால் தூசி படிந்து கொஞ்ச நாளில் மங்கிவிடும். மார்கழியில் விடியற்காலம் சீட்டின் அடியில் பனி வேர்த்துச் சொட்டுவதற்கும் இது ஒரு தடுப்பு.

அதற்குக் கீழே ஒரு சீலிங் அவசியம். நாங்கள் ஜிப்சம் போட்டு அதன்மேல் இரண்டு அங்குல ராக்வூல் பஞ்சு பரப்பினோம். மழைச் சத்தம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிட்டது, டிவி கேட்கிறது என்று அத்தையிடம் சொல்லுங்கள். சீலிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் சேர்கிற சூடான காற்று வெளியே போக வழி வேண்டும். முகட்டின் இரண்டு முக்கோணச் சுவரிலும் வலை வைத்த ஜன்னல் விட்டால் உங்கள் ஊர்க் காற்றே அதை இழுத்துக்கொண்டு போய்விடும். வலை கட்டாயம், இல்லாவிட்டால் அணில், புறா எல்லாம் உள்ளே குடும்பம் நடத்தும்.

மயில் பற்றி ஒன்று. ஓடு நகர்கிற தொல்லை தீரும், ஆனால் விடியற்காலம் சீட்டில் மயில் இறங்கி நடந்தால் கூரையில் ஆள் நடமாடுகிற மாதிரியே இருக்கும். முதல் வாரம் நான் விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆழியாற்றுக் கரை:

எல்லோரும் தகரத்துக்கே போகிறீர்கள். கெட்டுப்போனது மரம்தானே, ஓடு நன்றாகத்தானே இருக்கிறது? எங்கள் வீட்டில் மரத்தை மட்டும் எடுத்துவிட்டு ஜி.ஐ. பைப்பில் சட்டமும் ரீப்பரும் கட்டி அதே ஓட்டைத் திரும்ப அடுக்கினோம். ரீப்பர் ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்று வர வேண்டும், ஓட்டின் அளவைப் பார்த்துத்தான் பற்ற வைக்க வேண்டும், அதில் தப்பினால் ஓடு உட்காராது. கரையான் பயம் இனி இல்லை. சீலிங் கிடையாது, ஃபாயில் கிடையாது, மதியம் அறைக்குள் படுக்க முடிகிறது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு இது. நூறு வருச ஓடெல்லாம் இன்னும் நல்லபடி இருக்கிறது. உங்கள் பெயிண்ட் சீட் அத்தனை வருசம் வருமா?

எங்களுக்கும் தென்னை நிறைய. காய் விழுந்தால் ஓடு ஒன்று உடையும், ஒன்றை மாற்றினால் போயிற்று. சீட்டில் விழுந்தால் சொட்டை விழுந்து அப்படியே இருக்கும்.

பல்லடம் பட்டறை:

ஆழியாறு சொல்வதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் ஆள் இருந்தால் ஓட்டைத்தான் வைத்துக்கொள்வேன். ஆனால் அவரிடம் ஓடு மாற்றுகிற ஆள் இருக்கிறார், இந்த அம்மிணிக்கு இல்லை. அத்தை தனியாக இருக்கிறார், மயில் தினமும் வருகிறது, மகன் திருப்பூரில். ஓடு உடைந்த அன்றே மாற்ற ஆள் இல்லாத வீட்டில் ஓட்டுக் கூரை வைத்தால் மறுபடியும் அண்டாதான். பைப்புக் கூடும் மலிவில்லை, ரீப்பர் நெருக்கமாக வருவதால் சீட்டுக்கு ஆவதைவிட இரும்பு கூடப் பிடிக்கும். ஓட்டையே வைப்பதானால் தாவார வரிசையையும் முகட்டு வரிசையையும் கம்பி போட்டுக் கட்டுங்கள், மேகாத்து அங்கேதான் ஓட்டைப் புரட்டும்.

பஃப் பேனல் கேட்டிருந்தீர்களே, மறந்துவிட்டேன். அது நல்ல பொருள்தான். இரண்டு தகட்டுக்கு நடுவில் நுரை, வெக்கையும் சத்தமும் இரண்டும் குறையும், சீலிங் வேண்டியதில்லை. ஆனால் வெட்டிய ஓரங்களைத் தகடு மடித்து மூடாவிட்டால் எலியும் எறும்பும் நுரைக்குள் குடியேறிவிடும். தீப்பிடித்தால் புகை மோசம், விறகடுப்பு எரிகிற சமையலறைக்கு மேல் எனக்கு அது பிடிக்காது. 0.5 சீட், ஃபாயில், சீலிங் மூன்றுக்கும் சேர்த்து விலை வாங்கிவிட்டு அப்புறம் பேனல் விலையோடு வைத்துப் பாருங்கள். வெறும் சீட் விலையோடு ஒப்பிட்டால் பேனல் எப்போதும் கொள்ளை விலையாகத்தான் தெரியும்.

தெற்கே தென்னை இருக்கிறதா? இருந்தால் கூரைக்கு மேல் சாய்ந்திருக்கிற மரத்தில் மட்டையையும் குலையையும் காலாகாலத்தில் இறக்கிவிடுங்கள்.

பவானி வயர்மேன்:

ஒன்றை யாரும் சொல்லவில்லை. இரும்புக் கூரைக்கு எர்த் கொடுக்க வேண்டும். மின்னலைத் தகரம் கூப்பிட்டு வாங்கும் என்பது சும்மா பேச்சு. பயப்பட வேண்டியது வீட்டு வயருக்கு. எலி கடித்த வயர் ஒன்று ட்ரஸ்ஸில் பட்டால் தூண் முழுக்கக் கரண்ட், ஈரத் தரையில் நின்று தூணைப் பிடித்தால் முடிந்தது. இரண்டு எதிர் மூலைத் தூண்களிலிருந்து எர்த் எடுங்கள். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். ட்ரஸ் மேல் போகிற வயரெல்லாம் பி.வி.சி. பைப்புக்குள் போகட்டும். செம்புக் கம்பியோ, ஏசியின் செம்புக் குழாயோ சீட்டைத் தொடாமல் இருக்கட்டும், ஏசித் தண்ணீரும் சீட்டில் சொட்டக் கூடாது. செம்பு பட்ட இடத்தில் அந்தப் பூச்சு சீக்கிரம் அரிக்கும்.

குண்டடம் மருமகள்:

எல்லோருக்கும் நன்றிங்க. வீட்டுக்காரரிடம் முழுதும் படித்துக் காட்டினேன். முதல் ஆளிடம் தூணும் குழியும் வேண்டும் என்று சொன்னதற்கு, "இவ்வளவு எதுக்குங்க, நான் போட்ட எந்த சீட்டும் பறந்ததில்ல" என்றார். அவரை விட்டுவிட்டோம். தூண், ட்ரஸ், வெள்ளை சீட் 0.5, ஃபாயில், சீலிங் என்று வேறொருவரிடம் விலை கேட்டிருக்கிறோம். நல்ல ஓடு கட்டுத்தாரைக்கு என்றதும் அத்தை முகம் கொஞ்சம் தெளிந்தது. வெள்ளைக் கலர்தான் பிடிக்கவில்லை, "பண்ணை மாதிரி இருக்கும்" என்கிறார். தென்னை தெற்கே இரண்டு இருக்கிறது அண்ணா, கூரைக்கு மேல் வராது.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. தாவாரத்தில் தண்ணீர் விழுந்து மண் சுவரின் அடி கரைகிறது. சீட் போட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக விழுமே, அதற்கு என்ன செய்வது? கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கலாமா? எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மழை.

பல்லடம் பட்டறை:

கட்டாயம் பிடிக்கலாம். மண் சுவருக்கு தாவாரக் கால்வாய் இல்லாமல் சீட் போடவே கூடாது. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, ஆறு அங்குல அகலத்துக்குக் குறையாமல். முப்பதடிக்குமேல் ஒரே இறக்கம் வைக்காமல் நடுவை உயர்த்தி இரண்டு முனையிலும் பைப் இறக்குங்கள். சீட்டின் முனை கால்வாய்க்குள் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். கூரை மேலிருந்து பார்த்தால் தாவாரத்தோடு எண்பது சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐம்பது மில்லி மீட்டர் மழைக்கு நாலாயிரம் லிட்டர். தகரம் தண்ணீரைக் குடிக்காது, கொஞ்சம்தான் வீணாகும். முதல் மழையில் தூசி, மயில் எச்சம் எல்லாம் வரும், அதை வெளியே விடுவதற்கு பைப்பில் ஒரு கேட் வால்வு வையுங்கள். இரண்டாம் மழையிலிருந்து தொட்டிக்குத் திருப்பலாம். மாட்டுக்கும் பாத்திரம் கழுவவும் அந்தத் தண்ணீர் போதும். தொட்டி சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும், நிறைந்து வழிந்தால் வடக்கு வாசல் பக்கம் வராமல் தோட்டத்துப் பக்கம் போகிற மாதிரி வாய்க்கால் எடுங்கள்.

விலை வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். தூணுக்குக் கேட்கிற பைப்பின் கனம் எத்தனை எம்.எம். என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.